பதினாலு சுற்று

அய்யம்பெருமாள் வீட்டு டிவியின் மேல் ஒரு பொன்னாடை விரித்திருக்கும். கொரோனா காலத்தில் ஊருக்குத் தடையில்லாமல் குடிநீர் கொடுத்தார் என்று பொங்கல் விளையாட்டு விழா மேடையில் போர்த்திய பொன்னாடை. டிவி பார்க்க உட்கார்ந்தால் அதையும் பார்த்தாக வேண்டும். அதனால் நாலு வருஷமாக அவர் டிவி பார்ப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய்விடுவார். ஏன் என்று அவர் மனைவி வேணிக்குத் தெரியும். தெரிந்துதான் தூசி தட்டி மறுபடி அங்கேயே விரிப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா?

ஊர்ப் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். குன்னத்துக்குக் கிழக்கே, மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் மேல்நிலைத் தொட்டிக்கு முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர் அய்யம்பெருமாள். விடியற்காலை மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார். ஆறு மணிக்கு ஒவ்வொரு தெருவாக வால்வைத் திறந்து விடுவார். நாலடி நீளத்தில், தலையில் குறுக்குக் கம்பி வைத்த ஓர் இரும்புச் சாவி அவர் தோளிலேயே கிடக்கும். மேலத்தெரு வால்வுக்குப் பதினெட்டுச் சுற்று, கீழத்தெருவுக்குப் பதினாறு. எந்த வால்வு எத்தனை சுற்றில் மூடும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் உண்டு. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள், கல்யாணத்தன்று தண்ணீர் கூடுதலாக வேண்டுமே.

தெற்குத் தெருவின் கோடியில் புதுமனை என்று மூன்று வீடுகள் உண்டு. நடு வீட்டில் இருந்தவர்கள் தமிழழகனும் அவன் மனைவி கண்ணகியும். ஊரில் பாதி இளவட்டம் மாதிரி அவர்களும் கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்தார்கள். அவன் மூட்டை தூக்குவான், அவள் வெங்காயம் பொறுக்கித் தரம் பிரிப்பாள். ஊரில் விளைந்த வெங்காயம் போகிற லாரியிலேயே போய், காலி லாரியில் திரும்பி வருவார்கள். கோயம்பேட்டிலிருந்து யார் வந்தாலும் ஊருக்குக் கொண்டாட்டம்தான். வாழைத்தார் வரும், மாம்பழம் வரும், பிள்ளைகளுக்கு ஏதாவது வரும்.

இரண்டாயிரத்து இருபது மே மாசம் அதே லாரியில் அவர்கள் வந்தபோது ஊர் முகப்பில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. கோயம்பேட்டிலிருந்து வந்தவர்களுக்குத்தான் நோய் என்று டிவிக்காரன் மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தான். பெரம்பலூரிலும் அரியலூரிலும் நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறியது. சுகாதாரத்துறை ஆட்கள் வந்து முள்ளுக்கு அந்தப் பக்கமே வைத்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருவருக்கும் பாசிட்டிவ். பன்னிரண்டு நாள் பெரம்பலூரில் தனி வார்டில் இருந்து, குணமாகிவிட்டது என்று முத்திரை குத்திய காகிதத்தோடு ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார்கள்.

காகிதத்தை யார் படித்தார்கள்? அக்கம்பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் பூட்டிக்கொண்டு காட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். தொட்டிக்கு எதிரே, புதுமனைக்குத் திரும்புகிற முனையில் மறுபடி முள் விழுந்தது. அன்று மத்தியானம் தொட்டிக்கு அடியில் பத்துப் பேர் கூடினார்கள். விதைக்கடை பாவாடை கையில் செல்போன். அதில் எவனோ பேசுகிற வீடியோ.

"இந்தாருங்க, நல்லாக் கேளுங்க. நோயாளி வாய வச்சிக் குடிச்சா கிருமி கொழா வழியா டேங்குக்கு ஏறிடுமாம். டேங்குல ஏறுனா ஊரே காலி" என்றான் பாவாடை.

எல்லோரும் அய்யம்பெருமாளைப் பார்த்தார்கள். தண்ணீரைப் பற்றி அந்த ஊரில் அவருக்குத் தெரியாதது கிடையாது. தெருக்குழாயிலிருந்து நாற்பதடி உயரத்துத் தொட்டிக்குத் தண்ணீர் தானாக ஏறாது என்று அவருக்குத் தெரியும். ஏறுமென்றால் மோட்டார் எதற்கு, இவருக்குச் சம்பளம் எதற்கு? 'போடா கிறுக்கா' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாவாடை போனை ஜோபியில் போட்டுக்கொண்டு போயிருப்பான். கூட்டமும் கலைந்திருக்கும்.

அவர் சொன்னது இது: "புதுமனைக்கு மட்டும் தனியா ஒரு வால்வு இருக்கு. நான் மூடிடுறேன்."

யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அப்படி ஒரு வால்வு இருப்பதுகூட அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது. அவர் மகள் புவனேஸ்வரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டாம் மாசம். அந்தப் பயம் ஒன்று. ஊரோடு ஒத்துப்போனால் ஊர் மெச்சும் என்ற நினைப்பு ஒன்று. எது பெரிது என்று இன்றுவரை அவருக்கே பிடிபடவில்லை. முனையில் புங்க மரத்தடியில் கடப்பைக் கல்லை நகர்த்தினார். சாவியை மாட்டினார். சின்ன வால்வு, பதினாலே சுற்று.

மறுநாள் காலை தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தபோது முள்ளுக்கு அந்தப் பக்கமிருந்து கண்ணகி கூப்பிட்டாள். அவருக்கு அவள் தூரத்து முறையில் தங்கச்சி மருமகள். மாமா என்றுதான் கூப்பிடுவாள். கையில் ஒரு கொத்து வேப்பிலையும் மஞ்சள் கிழங்கும் வைத்திருந்தாள்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் உண்டு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர், ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தம், யார் வீட்டுக்கும் போகலாம், வரலாம். அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள்தான். ஆனால் வாசலில் இளநீர் வந்து நிற்கும், வேப்பிலை வரும், கேட்காமலே நாலு குடம் தண்ணீர் வரும். கொரோனாவுக்கு ஊர் அந்த வழக்கத்தில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

"மாமா, மொத தண்ணி ஊத்தலாம்னு பாக்குறேன். கொழால காத்துதான் வருது" என்றாள் கண்ணகி.

"லைன் அடைச்சிருச்சும்மா. குன்னத்துலேருந்து ஆள் வரணும். லாக்டவுன்ல எவன் வரான்?" வாய் கூசாமல் வந்தது அது.

"ஐயையோ. சரி மாமா, பாத்து செய்ங்க" என்று போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தாலாவது தேவலை. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாளே என்று, அன்று பகல் பதினோரு மணிக்கு அய்யம்பெருமாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் முனைப் பக்கம் பள்ளம் தோண்டினார். எதற்கு? அடைப்பைத் தேடுகிற மாதிரி! அக்கினி நட்சத்திர வெயிலில், இல்லாத அடைப்புக்கு இடுப்பளவு பள்ளம். மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் கண்ணகி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வெயில்ல வேணாம் மாமா! ஒடம்பு கெட்டுடப் போவுது. வெயில் தாழப் பாத்துக்கலாம். நாங்க காட்டுக் கெணத்துல எடுத்துக்கறோம்."

அவர் குனிந்த தலை நிமிராமல் வெட்டினார். வேர்வையா கண்ணீரா என்று தெரியாமல் ஏதோ வழிந்தது. சாயங்காலம் போய் வால்வைத் திறந்துவிடலாம் என்று நினைத்தார். தொட்டியடியில் பாவாடை உட்கார்ந்திருந்தான். "நல்ல காரியம் பண்ணுனீங்கண்ணே" என்றான். அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

காட்டுக் கிணறு ஒரு மைல். தமிழழகனுக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. கண்ணகிதான் முள்ளுக்குப் பின்னால் வரப்பு வழியாகப் போய்த் தண்ணீர் சுமந்தாள். ஒன்பதாம் நாள் கிணற்றுப் படியில் குடத்தோடு வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போடுகிறவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வரவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடி அடைத்துப் போடுவார்கள் என்று பயந்துகொண்டு, தமிழழகனே மூங்கில் பத்தை வைத்துத் துணியால் கட்டினான். எலும்பு கோணலாகவே கூடிக்கொண்டது.

சேதி கேட்டதும் அய்யம்பெருமாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதும் உடனே போய்த் திறக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். பதினோராம் நாள் யாரையும் கேட்காமல் திறந்தார். கல்லை மூடி, மேலே மண்ணைத் தள்ளி மிதித்து விட்டார். பிறகு முள்ளருகில் போய், "அடைப்பு எடுத்தாச்சும்மா" என்றார்.

கண்ணகி ஒற்றைக் கையால் கும்பிட்டாள்.

பொன்னாடைக்கு வருவோம். அதை யாரோ கொடுக்கவில்லை. அடுத்த பொங்கலுக்குக் கண்ணகிதான் பஞ்சாயத்துத் தலைவரிடம் போய், "எல்லாரும் எங்களக் கண்டு ஓடுனப்ப, நடு வெயில்ல எங்களுக்காவ பள்ளம் வெட்டுன மனுஷன் அவரு. அவருக்கு ஒரு மரியாத செய்ங்க" என்று சொன்னாள். மைக்கில் அதையும் சேர்த்து அப்படியே வாசித்தார்கள். பொன்னாடை தோளில் விழுந்தபோது, பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவருக்கு. கூட்டத்தில் பாவாடையும் கை தட்டினான். தொட்டியடியில் பேசியது அவனுக்கு ஞாபகம்கூட இல்லை.

இதெல்லாம் அவர் மனசுக்குள்ளேயே மக்கிப் போயிருக்கும். ஆனால் போன மாசம் அவருக்கு அறுபது முடிந்தது. பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு அடுத்த ஆபரேட்டராகக் கண்ணகியை எடுத்தார்கள். அந்தக் கையோடு கோயம்பேட்டு வேலை பார்க்க முடியாமல் ஊரோடு தங்கிவிட்டவள். ஒரு வாரம் கூட இருந்து எல்லா வால்வையும் காட்டிவிட்டுப் போகும்படி அய்யம்பெருமாளுக்கு உத்தரவு.

எல்லா வால்வையும்! புங்க மரத்தடி வால்வைக் காட்டினால், இது எதற்கு என்று கேட்பாள். காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது, அன்று தொட்டியடியில் கேட்டிருந்தவர்களும் பாவாடை மாதிரி மறந்திருந்தார்கள். அதன் மேல் கோரைப் புல் முளைத்துக் கிடந்தது.

"காட்டாதீங்க" என்றாள் வேணி. "அஞ்சு வருஷம் ஆச்சி. இப்ப சொல்லி என்ன ஆவப்போவுது? அந்தப் புள்ள ஒங்கள தெய்வமா நெனச்சிக்கிட்டு இருக்கு. அத எதுக்குக் கெடுக்கணும்?"

கண்ணகி ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்தாள். மேலத்தெரு பதினெட்டு, கீழத்தெரு பதினாறு, காலனி பதினாறு, தெற்குத்தெரு இருபது என்று எழுதிக்கொண்டாள். சாவியை வலது கையால் திருகி, கோணல் கையை மேலே வைத்து அமுக்கிக்கொள்வாள். ஒவ்வொரு சுற்றுக்கும் உதட்டைக் கடிப்பாள். அய்யம்பெருமாள் வேறு பக்கம் பார்ப்பார்.

"அவ்ளோதானா மாமா?"

"அவ்ளோதாம்மா."

அது ஐந்தாம் நாள். ஆறாம் நாள் புதுக்குழாய் பதிக்க வந்த ஜேசிபி புதுமனை லைனைப் பெயர்த்துவிட்டது. தண்ணீர் ஆளுயரம் பீய்ச்சி அடித்தது. கண்ணகி சாவியோடு ஓடி வந்தாள்.

"இந்த மூணு வூட்டுக்கு மட்டும் நிறுத்த வழியில்லயா மாமா?"

"இல்லம்மா. தெற்குத்தெருவையே மூடணும்" என்றார். மறுபடியும் அதே இடத்தில் பொய்.

தெற்குத்தெரு முழுக்க மூடிக் கிடந்தது. அங்கே அறுபது வீடு. பைப்பு மாற்றுகிற ஆள் மறுநாள்தான் வருவான். வயசான ஆட்களும் கைப்பிள்ளைக்காரிகளும் இருக்கிற வீடுகளுக்குக் கண்ணகி தொட்டியடிக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். இடது இடுப்பில் குடம் நிற்காது அவளுக்கு. பிடிக்கக் கை வளையாது. வலது இடுப்பில் ஒவ்வொன்றாக வைத்து நடந்தாள். "என்னா கண்ணகி, வேலைக்கி வந்த மொத வாரமே இப்படியா?" என்று யாரோ கேலி செய்தார்கள். "நமக்குத் தண்ணி இல்லாத கஷ்டம் தெரியும்க்கா. அதான்" என்று சிரித்தாள்.

தொட்டித் தூணில் சாய்ந்து நின்று அய்யம்பெருமாள் இதைக் கேட்டார். அதற்கு மேல் தாங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"குடத்த வச்சிட்டு வாம்மா. சாவியயும் எடுத்துக்க" என்றார்.

புங்க மரத்தடியில் புல்லைச் செதுக்கினார். கடப்பைக் கல் தெரிந்தது. நெம்பித் தள்ளினார். உள்ளே மண்ணப்பிய ஒரு சின்ன வால்வு.

கண்ணகி குனிந்து பார்த்தாள். "இது எதுக்கு மாமா?"

"புதுமனைக்கு. மூணு வூட்டுக்கு மட்டும்."

"இல்லன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

அவளுக்கு அப்போதும் பிடிபடவில்லை. மறந்துபோயிருப்பார் என்று நினைத்தாளோ என்னவோ, சாவியை மாட்டித் திருக ஆரம்பித்தாள். துரு பிடித்து இறுகிக் கிடந்தது. அவர் கை கொடுக்கப் போனார். "இருங்க, நானே" என்றாள். வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் ஒவ்வொன்றுக்கும் நின்ற இடத்திலேயே குறுகிப் போனார். பதினாலில் நின்றது. நோட்டை எடுத்தவள் எழுதவில்லை. திரும்பி அவள் வீட்டுக் குழாயைப் பார்த்தாள். பிறகு, முன்பு அவர் பள்ளம் வெட்டிய இடத்தைப் பார்த்தாள். அங்கிருந்து இந்த மரம் பத்தடிகூட இல்லை.

"அப்ப அந்த அடைப்பு?"

"அடைப்பு இல்லம்மா. நான்தான் மூடுனேன். ஊர்ல பேசுனாங்க. யாரும் என்னய மெரட்டல. நானாத்தான் சொன்னேன், நானாத்தான் மூடுனேன்."

"பதினோரு நாளும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான்."

"பள்ளம் வெட்டுனது?"

அதற்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "சும்மா வெட்டுனேன். நீ பாத்துக்கிட்டு இருந்த."

கண்ணகி கோபப்படுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். செய்தால் தேவலை என்றிருந்தது.

"அன்னிக்கி ஒங்களுக்கு ஒரு சொம்பு மோர் குடுக்கணும்னு இருந்துச்சி மாமா" என்றாள். "கரைச்சி வச்சிட்டேன். காட்டுக் கெணத்துத் தண்ணிதான். நாங்க குடுத்தா நீங்க குடிப்பீங்களோ மாட்டீங்களோ, ஒங்களுக்கு சங்கடமாயிடுமேன்னு கொண்டாரல."

அய்யம்பெருமாள் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் நோட்டைப் பிரித்தாள். புதுமனை, பதினாலு என்று எழுதினாள். கையை நீட்டினாள்.

"மோட்டார் ரூம் சாவியயும் குடுத்துடுங்க. இனிமே நான் பாத்துக்கறேன். நாளைக்கி நீங்க வர வேணாம்."

கொடுத்தார். அவள் போய்த் தெற்குத்தெரு வால்வைத் திறந்தாள். அறுபது வீட்டிலும் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் டிவி மேலிருந்த பொன்னாடையை உருவினார். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார். யாரிடமாவது திருப்பிக் கொடுக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ள வேண்டியவள் கண்ணகிதான்.

மறுநாள் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக விடியும்போது அவர் வீட்டில் இருந்தார். வேணி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் போனாள். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஆறு மணி ஆகப் போகிறது. தண்ணீர் வராது என்று நினைத்தார். வரக் கூடாது என்றுகூட வேண்டிக்கொண்டார். வராவிட்டால், ஒருநாளோ பதினோரு நாளோ, அவரும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக் கிணற்றுக்கு நடப்பார். நடந்தால் ஏதோ கொஞ்சம் கழியும்.

குழாய் இரண்டு தரம் காற்று விட்டது. பிறகு தண்ணீர் வந்தது. ஒரு நிமிஷம்கூடத் தவறாமல், ஆறு மணிக்கு, அவர் திறந்துவிட்ட நாட்களில் எப்படி வருமோ அதைவிட வேகமாக வந்தது. குடம் நிறைந்தது. வழிந்து அவர் கால் நனைந்தது. உள்ளேயிருந்து வேணி, "கொடம் ரொம்பிருச்சி, எடுங்களேன்" என்று கத்தினாள்.

அவருக்குக் கை வரவில்லை.